டீசல் காரின் ஏர்ஃப்ளோ சென்சாரை நாமே மாற்றலாமா? பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருப்பவருக்கு ஒரு விரிவான பதில்

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரிடம் 2004 ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ இருக்கிறது. பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. குன்னூர் மலைப்பாதையில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கரும்புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ போய்விட்டது என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். நண்பர் ஒருவரோ ஏர்ஃப்ளோ சென்சார்தான் காரணம் என்கிறார். சென்சாரை வாங்கித் தானே மாட்டிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

தாராளமாக முடியும். கழற்றி மாட்டும் வேலை, அவசரப்படாமல் செய்தாலும், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் குற்றவாளி அந்தச் சென்சார்தானா என்று உறுதிசெய்வதிலும், கடையில் போலியல்லாத ஒன்றை வாங்குவதிலும்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் நண்பரின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணத்தைச் சொல்ல, டீசல் எஞ்சினில் இந்தச் சென்சாருக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை அளந்து, அந்த அளவுக்கு ஏற்பப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. டீசலில் அப்படியில்லை, எவ்வளவு டீசல் வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்வது உங்கள் கால், அதாவது ஆக்சிலேட்டர். காற்றை அளக்கும் சென்சாருக்கு இங்கே இரண்டு வேலைகள். ஒன்று, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வை எவ்வளவு திறப்பது என்று எஞ்சினின் கணினியான இசியு முடிவுசெய்வதற்குத் துணைசெய்வது. இரண்டாவது, நீங்கள் கேட்கும் டீசலை எரிக்கப் போதுமான காற்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டீசலைக் குறைக்கச் சொல்வது. இந்த இரண்டாவது வேலைக்குப் புகை வரம்பு என்று பெயர். உங்கள் வண்டியின் பிக்கப் போனதற்கு இந்த வரம்பே காரணமாக இருக்கக்கூடும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1 கிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று தேவை. அந்த விளிம்பு வரை போனால் கரும்புகை தள்ளும் என்பதால், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உபரிக் காற்று இருக்குமாறு இசியு பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1 கிராம் டீசலுக்கு 19 கிராம் காற்று. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், டர்போ முழு வேகத்தில் தள்ளும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தடவைக்கு 850 மில்லிகிராம் அளவுக்குக் காற்று போகிறது. அதற்கு 45 மில்லிகிராம் வரை டீசல் தரலாம். அவ்வளவு காற்று உண்மையில் போய்க்கொண்டிருக்கும்போதே, களைத்துப்போன சென்சார் 550 மில்லிகிராம்தான் போகிறது என்று இசியுவிடம் சொன்னால், இசியு அதை நம்பி டீசலை 29 மில்லிகிராமுக்குள் நிறுத்திவிடும். டர்போ நன்றாக இருக்கிறது, பம்ப் நன்றாக இருக்கிறது, கொடுக்கவேண்டிய டீசலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணினி தானாகவே பிடித்துவைத்துக்கொள்கிறது. காற்று உபரியாகவும் டீசல் குறைவாகவும் இருப்பதால் புகை மட்டும் வராது. நீங்கள் சொன்ன அறிகுறியும் இதுவேதான்.

விளக்கு ஏன் எரியவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. வயர் அறுந்தாலோ, சென்சார் அடியோடு செத்துப்போனாலோ இசியு கண்டுபிடித்து, கோட் எனப்படும் கோளாறுக் குறியீட்டைப் பதிவுசெய்யும். இந்தக் குடும்பத்து டீசல் எஞ்சின்களில் சுருள் வடிவ குளோ பிளக் விளக்கு ஓடும்போதே மின்னி மின்னி அணைவது அப்படிப்பட்ட கோளாறுக்கான அடையாளம். ஆனால் சென்சார் பாதி அளவைச் சொன்னால், அது நடக்கக்கூடிய அளவுதானே என்று இசியு ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, கோட் எதுவும் இல்லை, எனவே சென்சார்கள் எல்லாம் சரி என்று சொல்லும் மெக்கானிக்கின் தர்க்கம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

அறிகுறிகளைப் பிரித்துப் படிப்பதில் புகைதான் முதல் சாட்சி. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருந்தால், சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிடுகிறது. இசியு காற்று இருக்கிறது என்று நினைத்து டீசலைத் தருகிறது. விளைவு, பிக்கப் குறைவும் கரும்புகையும் சேர்ந்தே வரும். இஜிஆர் வால்வு திறந்த நிலையிலேயே கரி பிடித்து மாட்டிக்கொண்டாலும் பெரும்பாலும் புகை இருக்கும். புகையே இல்லாமல் பலம் மட்டும் குறைந்தால், டீசலே குறைவாகத்தான் போகிறது என்று பொருள். அதற்குக் காரணம் சென்சாராக இருக்கலாம், அடைபட்ட டீசல் ஃபில்டராகவும் இருக்கலாம்.

அடுத்த சாட்சி, கோளாறு வரும் விதம். இந்த எஞ்சினின் டர்போவில் உள்ள நகரும் இதழ்கள் கரி படிந்து மாட்டிக்கொண்டால், காற்றழுத்தம் எல்லை மீறி, இசியு தற்காப்பு நிலைக்குப் போய்விடும். அப்போது பலம் ஒரே நொடியில் விழும், வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடும். அப்படி நடந்ததாக நீங்கள் சொல்லவில்லை. மெதுவாக, எல்லா கியரிலும், எல்லா நாளும் ஒரே மாதிரி பலம் குறைந்துவந்தது என்கிறீர்கள். சென்சார் மூப்படைவது அப்படித்தான் இருக்கும்.

இனி சோதனைகள். செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்பது நினைவில் இல்லையென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் பெட்டிக்குக் காற்று வரும் வாயில் சில கார்களில் ஒரு வலை இருக்கும். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளில் அந்த வலை சருகும் மண்ணுமாக அடைத்துக்கொண்டிருப்பதைப் பலர் வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை. இந்த இடங்களில் அடைப்பு இருந்தால், சென்சார் குறைந்த அளவைக் காட்டுவது பொய்யாக இருக்காது; காற்றே குறைவாகத்தான் போகிறது. பிறகு எஞ்சின் அறையில் உள்ள சுண்டுவிரலைவிட மெல்லிய வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் இருபது வருடம் கிடந்த ரப்பர், நுனியில் வெடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். டர்போவின் இதழ்களை அசைப்பது இவற்றில் ஒரு ஹோஸ்தான். அது கசிந்தால் டர்போவே வேலை செய்யாததுபோல் தோன்றும்.

இவற்றுக்குப் பிறகு கப்ளரைக் கழற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனை. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, சென்சாரில் வயர் வந்து செருகும் பிளக்கான கப்ளரை மட்டும் கழற்றி, வயர் எதிலும் உரசாதபடி ஒதுக்கிவைத்து, வழக்கமாகத் திணறும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று தெரிந்ததும் இசியு தன் நினைவில் உள்ள ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும். கப்ளர் மாட்டியிருந்ததைவிடக் கழற்றியபோது வண்டி நன்றாக இழுத்தால், சென்சார்மீது சந்தேகம் மிக வலுவாகிறது. வித்தியாசமே இல்லையென்றால் சென்சார் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த மாற்று மதிப்பு எல்லா வேகத்துக்கும் பொருந்துவதில்லை. இந்தச் சோதனைக்குப் பிறகு பி0102 என்ற குறியீடு பதிவாகியிருக்கும். அது நீங்கள் கப்ளரைக் கழற்றியதால் வந்தது, கோளாறால் வந்ததல்ல. கப்ளரைக் கழற்றியே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இது சோதனைக்குரிய உபாயம் மட்டுமே. அப்படியே விட்டுவிட்டால் இஜிஆரும் டீசல் வரம்பும் ஊகத்தில்தான் ஓடும்.

சந்தேகத்தை எண்ணாக மாற்ற ஸ்கேனர் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் இஎல்எம் 327 கருவி இந்தத் தலைமுறை டிடிஐ-யில் பெரும்பாலும் பயன்படாது, இந்த எஞ்சின்களின் கணினி பேசும் கேடபிள்யூ 1281 என்ற பழைய மொழி அதற்குத் தெரியாது. லேப்டாப்பை வண்டியின் கணினியோடு இணைக்கும் கேகேஎல் கேபிள் ஒன்றும், லேப்டாப்பில் விசிடிஎஸ் லைட் போன்ற மென்பொருளும் இருந்தால் போதும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளை மட்டுமே பார்க்கும் சிறு கராஜ்கள் கோவையில் உண்டு. கேபிள் வாங்க மனமில்லையென்றால் அவர்களிடம் போய், கோட் பார்க்க வேண்டாம், அளவீட்டுத் தொகுதி 003 ஐக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

அந்தத் தொகுதியில் நான்கு கட்டங்கள் இருக்கும்: எஞ்சின் வேகம், இசியு எதிர்பார்க்கும் காற்று, சென்சார் சொல்லும் காற்று, இஜிஆர் வால்வுக்குப் போகும் கட்டளை. காற்று, ஒரு சிலிண்டரின் ஒரு தடவைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் இஜிஆர் வால்வின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அதன் நுனியை அடைத்துவிட்டால், வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே போவது முழுக்கப் புதுக் காற்றாக இருக்கும். இப்போது என்ன அளவு வரவேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். எஞ்சினின் கொள்ளளவு 1896 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 474 சிசி. 30 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டத்தில், ஒரு லிட்டர் காற்றின் எடை 1.16 கிராம். ஆகவே சிலிண்டர் முழுதாக நிரம்பினால் 550 மில்லிகிராம். நடைமுறையில் முழுதாக நிரம்புவதில்லை, எஞ்சின் அறைச் சூட்டில் காற்றும் விரிந்துவிடுகிறது. எனவே 450 முதல் 500 வரை காட்டினால் சென்சார் நேர்மையாக இருக்கிறது. அடைத்த பிறகும் 350 ஐத் தாண்டவில்லையென்றால், ஒன்று வால்வு மூடவில்லை அல்லது சென்சார் பொய் சொல்கிறது. ஹோஸை மறுபடி மாட்டியதும் அளவு பாதிக்கு விழுந்தால் வால்வு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது என்று பொருள். அப்படியானால் பழி சென்சார்மீது.

இந்த அளவை ஊட்டிக்குப் போன இடத்தில் எடுக்காதீர்கள். அங்கே 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது; நல்ல சென்சாரும் குறைத்துத்தான் காட்டும். கோவையின் 400 மீட்டர் உயரம் கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது.

ஐடிலிங்கில் சரியாகக் காட்டும் சென்சாரும் அதிகக் காற்று ஓடும்போது சறுக்குவது சாதாரணம். ஓட்டத்தில் எடுக்கும் அளவே தீர்ப்பு சொல்லும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். தனியாக இதைச் செய்யவே கூடாது. ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து 3,500 ஐத் தாண்டும் வரை பதிவுசெய்யுங்கள். 3,000 ஐ ஒட்டிய வேகத்தில் 850 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் சென்சாரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். 550, 600 என்று நொண்டினால், உடனே அதே சாலையில் தொகுதி 011 ஐப் பதிவுசெய்யுங்கள். அதில் டர்போவிடம் கேட்கப்பட்ட அழுத்தமும் உண்மையில் கிடைத்த அழுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கமாகத் தொடர்ந்தால் டர்போ தன் வேலையைச் செய்கிறது. அழுத்தம் சரி, ஆனால் காற்று குறைவு என்று இரண்டு சென்சார்கள் இரண்டு விதமாகச் சொன்னால், ஏர்ஃப்ளோ சென்சார்தான் பொய் சொல்கிறது என்று நம்பலாம். டர்போ மாற்ற வேண்டும் என்று சொன்னவரிடம் இந்த இரண்டு பதிவையும் காட்டிவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

முழு நிச்சயம் வேண்டுமானால் தொகுதி 008 ஐயும் பாருங்கள். ஓட்டுநர் கேட்கும் டீசல், முறுக்குவிசை வரம்பு அனுமதிக்கும் டீசல், புகை வரம்பு அனுமதிக்கும் டீசல் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியாகத் தெரியும். மூன்றில் எது குறைவோ அதுவே எஞ்சினுக்குக் கிடைக்கும். முழு மிதியில் கடைசிக் கட்டம் மற்ற இரண்டையும்விடக் கீழே கிடந்தால், நான் மேலே போட்ட கணக்கு உங்கள் திரையிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மல்டிமீட்டர் மட்டுமே கையில் இருப்பவர்களும் ஓரளவு பார்க்கலாம். இந்த வண்டியில் உள்ளது பாஷ் நிறுவனத்தின் எச்எஃப்எம் 5 வகைச் சென்சார். கப்ளரில் ஐந்து இடங்கள் எண்ணிடப்பட்டிருக்கும்: 2 இல் பேட்டரியின் 12 வோல்ட், 3 இல் எர்த், 4 இல் 5 வோல்ட், 5 இல் சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல், 1 ஆவது இடம் காற்றின் வெப்பநிலைக்கானது, சில வண்டிகளில் அதற்கு வயரே இருக்காது. சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், 3 க்கும் 5 க்கும் இடையே அளந்தால் நல்ல சென்சார் 1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 1.05 ஐத் தாண்டினால் மூப்பின் அறிகுறி. வயரின் மேலுறையில் ஊசியால் குத்தாதீர்கள். கப்ளரின் பின்புறமாக மெல்லிய முனையைச் செருகி அளக்க வேண்டும், இல்லையென்றால் குத்திய இடத்தில் மழைநீர் புகுந்து பச்சை பிடித்து, ஆறு மாதம் கழித்து வேறொரு கோளாறு தொடங்கும். 12 வோல்ட்டோ எர்த்தோ வரவில்லையென்றால் ஃப்யூஸையும் வயரையும் பாருங்கள். புதுச் சென்சார் அதைச் சரிசெய்யாது.

வாங்குவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் க்ளீனர் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் க்ளீனர், பிரேக் க்ளீனர், பெட்ரோல் ஆகியவற்றைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். உள்ளே இருப்பது சூடேற்றப்பட்ட ஒரு மெல்லிய சிலிக்கான் சவ்வு. காற்று அதன்மேல் ஓடும்போது முன்பக்கம் குளிர்வதையும் பின்பக்கம் அவ்வளவாகக் குளிராததையும் ஒப்பிட்டுத்தான் அது காற்றை எடைபோடுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சி பட்டாலே அது போய்விடும். கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தாலும் அதே கதிதான். அரையடி தூரத்திலிருந்து ஸ்ப்ரேயை அடித்து, தானாகக் காயவிட்டு, மாட்டிப் பாருங்கள். மேலே படிந்த எண்ணெய்ப் படலமும் தூசியும் மட்டுமே காரணமென்றால் அளவு உயரும். சவ்வே மூப்படைந்திருந்தால் எதுவும் மாறாது, அல்லது சில வாரம் நன்றாக இருந்து பழைய நிலைக்கே வந்துவிடும்.

வாங்கும்போது மிகுந்த கவனம் தேவை. பழைய சென்சாரின் மேலேயே பாஷ் எண் அச்சிடப்பட்டிருக்கும். டீசலுக்கானவை 0 281 என்று தொடங்கும். அந்த எண்ணையும், கூடவே உள்ள வாகன நிறுவனத்தின் பாக எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், கப்ளரும் அழகாகப் பொருந்தும், ஆனால் வேறு எஞ்சினுக்கான அளவீடு கொண்ட சென்சார்கள் நிறைய உண்டு. குழாயோடு சேர்ந்து முழுதாகவும், உள்ளே செருகும் பகுதி தனியாகவும் இரண்டு விதமாக விற்கிறார்கள். சென்சார் அளப்பது குழாயின் நடுவில் ஓடும் ஒரு சிறு பகுதிக் காற்றைத்தான்; குழாயின் உள்விட்டத்தை வைத்தே மொத்தக் காற்று கணக்கிடப்படுகிறது. ஆகவே தனியாக வாங்கினால் அது அதே குழாய்க்கு உரியது என்பதை எண்ணை வைத்து உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கழற்றிய சென்சார் கிடைக்கும். கதவுக் கண்ணாடியோ ஹெட்லைட்டோ அங்கே வாங்குவதில் தவறில்லை, ஆனால் மூப்படைவதே இயல்பான ஒரு பாகத்தை, இருபது வருடம் ஓடிய இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவதில் அர்த்தமில்லை. ஒரிஜினல் விலையில் கால்வாசிக்கு இணையத்தில் விற்பவற்றில், பாஷ் பெட்டிக்குள் வரும் போலிகளும் அடக்கம். புதிதாக இருக்கும்போதே அவை குறைத்துக் காட்டுவதால், சென்சாரை மாற்றியும் பயனில்லை, டர்போதான் போயிருக்கிறது என்ற தவறான முடிவுக்கு வண்டிக்காரரைத் தள்ளிவிடுவது அவற்றின் பெரிய தீங்கு. பில் கொடுக்கும், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

மாட்டும் வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் இந்த வண்டிகளின் ரேடியோ பூட்டிக்கொண்டு கோட் கேட்கும், அந்தக் கோட் எழுதிய அட்டை இரண்டாவது உரிமையாளரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் கருப்பு ரப்பர் குழாயின் தொடக்கத்திலேயே சென்சார் இருக்கிறது. முதலில் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் பிரஷ்ஷாலும் ஈரத்துணியாலும் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் குழாயைத் திறந்த பிறகு உதிரும் ஒவ்வொரு மணலும் நேராக டர்போவுக்குத்தான் போகும். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது.

கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு, கப்ளரின் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இத்தனை வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருக்கும் என்பதால், பூட்டு நகராவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். இடுக்கில் கொஞ்சம் காண்டாக்ட் க்ளீனர் அடித்துச் சற்றுப் பொறுத்தால் வழிவிடும். முழு யூனிட்டாக வாங்கியிருந்தால் ரப்பர் குழாயின் ஸ்ப்ரிங் கிளாம்பை இடுக்கியால் நெருக்கிப் பின்னுக்குத் தள்ளி, குழாயை மெதுவாகத் திருகி உருவிவிட்டு, ஃபில்டர் பெட்டியோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் யூனிட் கையோடு வரும். செருகும் பகுதியை மட்டும் மாற்றுவதென்றால் குழாயைத் தொட வேண்டாம். ஆனால் அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் நடுவில் குமிழ் உள்ள, ஐந்து முனை கொண்ட பாதுகாப்பு வகை டார்க்ஸாக இருக்கும். அதற்கான பிட் சாதாரண டூல் பெட்டியில் இருக்காது, முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு திறந்திருக்கும் ரப்பர் குழாயின் வாயில் ஒரு சுத்தமான துணியை அடைத்துவையுங்கள். துணியின் பாதி வெளியே தொங்கட்டும், மாட்டும்போது மறக்காமல் இருக்க அதுவே வழி. அந்தக் குழாயை வளைத்து, அடிப்பக்க மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஓட்டை இருந்தால் அளக்கப்படாத, வடிகட்டப்படாத காற்று உள்ளே போகும். சென்சாரும் குறைத்தே காட்டும். குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு, குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

புதிய சென்சாரை மாட்டும் நிமிடம் வரை அதன் மூடியை எடுக்காதீர்கள். குழாயின் மேல் உள்ள அம்புக்குறி, காற்று போகும் திசையில், அதாவது ஃபில்டரிலிருந்து டர்போவை நோக்கி இருக்க வேண்டும். ஓ ரிங் எனப்படும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில்தான் இறங்குகின்றன. கையில் இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கிளாம்பை அதன் பழைய தடத்திலேயே உட்காரவையுங்கள். கப்ளர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இதோடு புதிய ஏர் ஃபில்டரையும் மாட்டிவிடுவது நல்லது. பழைய ஃபில்டருக்கு ஏர் அடித்து மாட்டுவது நம் ஒர்க்‌ஷாப்களில் ஊறிப்போன பழக்கம். அழுத்தமான காற்றில் காகிதம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாகப் போகும் தூசி முதலில் மோதுவது இந்தச் சவ்வின்மேல்தான். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருந்தால் எண்ணெயை அளவோடு தடவுங்கள், அல்லது காகித ஃபில்டருக்கே திரும்பிவிடுங்கள்.

மாட்டியதும் பதிவான குறியீடுகளை அழித்துவிட்டு, முன்பு எடுத்த அதே சாலையில், அதே கியரில், மறுபடி 003 ஐப் பதிவுசெய்யுங்கள். புதுச் சென்சாரை இசியுவுக்குப் பழக்கும் அடாப்டேஷன் எதுவும் இந்த எஞ்சினுக்குத் தேவையில்லை. முதல் முழு மிதியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். புகையின் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள புதிய காமன்ரெயில் டீசல்களில் இது வேறு. பலவற்றில் பழைய சென்சாருக்காக இசியு கற்றுவைத்திருக்கும் திருத்தத்தை ஸ்கேனரால் அழிக்க வேண்டும், சிக்னலும் வோல்ட்டாக இல்லாமல் அதிர்வெண்ணாக வருவதால் மேலே சொன்ன மல்டிமீட்டர் அளவுகள் அங்கே செல்லாது, கப்ளரைக் கழற்றி ஓட்டும் சோதனையும் வண்டியை நேராகத் தற்காப்பு நிலையில் தள்ளிவிடக்கூடும்.

புதிய, ஒரிஜினல் சென்சாரும் பழையதைப் போலவே 600 ஐத் தாண்டவில்லையென்றால், காற்று உண்மையிலேயே குறைவாகத்தான் போகிறது. அப்போது கடையில் திருப்பிக் கொடுக்க வழியிருக்கும்போதே கொடுத்துவிட்டு, இஜிஆர் வால்வையும், அதையடுத்து காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் எண்ணெய் ஆவியும் இஜிஆரின் கரியும் சேர்ந்து, தார் போன்ற படிவு அந்த வாயின் பாதியை அடைத்துக்கொள்வது பழகிப்போன கோளாறு. மேனிஃபோல்டைக் கழற்றிச் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆகும், ஆனால் பாகச் செலவு கேஸ்கெட்டோடு முடிந்துவிடும். அதுவும் சுத்தமாக இருந்து, 011 இல் கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால், ஐடிலிங்கில் டர்போவின் வேக்குவம் ஹோஸைக் கழற்றியும் மாட்டியும், இதழ்களை அசைக்கும் கம்பி தடையில்லாமல் முழுதாக ஏறி இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி பாதியில் நின்றால், டர்போவைப் பற்றி அந்த ஒர்க்‌ஷாப்பிடம் பேசலாம். அப்போதும் பெரும்பாலும் மாற்றத் தேவைப்படாது, கழற்றி இதழ்களில் உள்ள கரியைச் சுத்தம் செய்தாலே போதும்.